விடுபட்டது

செயின்ட் ஜான்ஸ் துறைமுகத்தில் மூடுபனி.
ஜூன் கடைசி, கேப்லின் மீன்கள் கரையேறும் குளிர்.
மூன்றாவது மாடியில் ஹீட்டர் இன்னும்
முக்கி முனகிக்கொண்டிருக்கிறது.
நான் சுருக்கெழுத்துக்காரி. பெயர் வேண்டாம்,
அது கடைசிப் பக்கத்தின் அடியில்
பொடி எழுத்தில் வரும்.

விசாரிக்கப்படுபவர் டெர்விலா ஹின்ச்சி,
வழக்கறிஞர், பத்தொன்பது ஆண்டுகளாக.
குற்றச்சாட்டு: தொனி.

தொனிக்கு என் இயந்திரத்தில் விசை இல்லை.
இருமலுக்கு உண்டு. மௌனத்துக்கு உண்டு.
'சாட்சி தலையசைக்கிறார்' என்பதற்கு
ஒரே அழுத்தில் முடிகிற குறுக்குவழி உண்டு.

மூவர் குழுவின் நடுவில் ஆம்புரோஸ் பென்னெல்
உயர்த்திக் காட்டியது நான் தயாரித்த படியை.
மார்ச் மாதம், பக்கம் நாற்பத்தொன்று, வரி ஏழு:
"என் வாதத்தை எடைபோடும் முன்
இந்த நீதிமன்றம்
என் செருப்பின் குதிகாலை அளக்கிறது."
எந்தத் தூண்டுதலும் இல்லாமல், என்றார் பென்னெல்.
வரி ஆறைப் பாருங்கள், என்றார்.
வரி ஆறு சுத்தமாக இருந்தது.

சுத்தம் செய்தவள் நான்.

அன்று ஆறுக்கும் ஏழுக்கும் நடுவில்
நீதிபதி கண்ணாடியை மூக்குநுனிக்கு இறக்கி
"நீங்கள் யாருடைய செயலாளர், கண்ணே?" என்றார்,
அந்த வாரத்தில் மூன்றாம் முறையாக.
எதிர்த்தரப்பு மேசை சிரித்தது.
சேவகர் சிரித்தார்.
மீன் ஆலையில் இரண்டு விரல் இழந்த
டெர்விலாவின் கட்சிக்காரியும் சிரித்தாள்,
சிரிக்காவிட்டால் வழக்கு தோற்றுவிடுமோ என்று.
நானும்தான். கொஞ்சம். பழக்கம்.
படியைத் திருத்தும்போது அந்த இடத்தை எடுத்துவிட்டேன்.
வேடிக்கைப் பேச்சு வழக்கின் பகுதியல்ல:
எங்கள் கையேட்டில் பன்னிரண்டாம் விதி.

அதே நீதிபதி முன்னால், மறுநாள்,
கொர்னீலியஸ் ட்வோமி மேசையைக் குத்தி
"கடைந்தெடுத்த அபத்தம் இது!" என்று கத்தினார்.
ஓர் எழுத்து விடாமல் அடித்தேன்.
நீதிபதி அவரை மதியச் சாப்பாட்டுக்குக் கூட்டிப்போனார்.
இளரத்தம், என்றார்.
ட்வோமிக்கு ஐம்பத்தாறு வயது.

டெர்விலா எழுந்தார்.
வாதாடி என்று அடிக்கப் போன விரல்
வாயாடி என்று அடித்தது.
ஓர் எழுத்துதான். திருத்திவிட்டேன்.

அவர் குரலை உயர்த்தவில்லை.
"ஒலிப்பதிவைப் போட்டுக் கேளுங்கள்."
தொண்ணூறு நாளில் அழித்துவிடுவது வழக்கம்,
இப்போது படிதான் சாட்சி, என்றார் பென்னெல்.
அம்மணி, அடக்கம் வேண்டும், என்றார்.
உள்ளே போய்க் காபி குடித்துவிட்டு வந்து
அடக்கம் செய்தார்கள்:
பதினோரு வாரம் நீதிமன்றம் ஏறக் கூடாது,
செலவுத்தொகை நாலாயிரம் டாலர்.

வெளியே மூடுபனிச் சங்கு ஊதியது.
பாறை இருக்கிறது, பாறை இருக்கிறது என்று
விடியலிலிருந்து அதே கத்தல்.
அதன் தொனி பற்றி எந்த மாலுமியும்
இதுவரை மனுப் போட்டதில்லை.

கோப்புகளைப் பையில் அடுக்கிக்கொண்டு
என் மேசையருகே நின்றார் டெர்விலா.
"அன்று நீங்கள் இருந்தீர்கள், இல்லையா?"
"படி வெள்ளிக்கிழமை கிடைக்கும்" என்றேன்,
வேறு யாரிடமோ சொல்வது போல.

திருத்தியது படியைத்தான். தாள்நாடாவை அல்ல.
அது ஏழாண்டு வைத்திருக்கவேண்டிய பொருள்,
என் கட்டிலடியில், பூட்ஸ் வாங்கிய அட்டைப்பெட்டியில்.
இரவு பிரித்தேன். மடிப்பு மடிப்பாக மார்ச் மாதம்.
என் விரல்கள் எதையும் விட்டிருக்கவில்லை:
கண்ணே இருந்தது,
அதன் கீழே சிரிப்பின் குறி,
இருமுறை அழுத்தி.

மேல்முறையீட்டுக்கு முப்பது நாள்.
உறுதிமொழிப் பத்திரம் ஒன்று எழுதத் தொடங்கினேன்.
நீதிபதி, சேவகர், எதிர்த்தரப்பு மூவர் வரை
சரசரவென்று வந்துவிட்டது.

அடுத்து ஒரு பெயர் வரவேண்டும்.
கெட்டில் கொதித்து அடங்கிவிட்டது.
திரையில் அந்த இடத்தில்
கோடு மட்டும் மின்னி மின்னி நிற்கிறது.